ஏர்பஸ் ஏ380: பயணிக்குப் பிடித்தது, வாங்கியவருக்குக் கட்டுப்படியாகாதது

ஏ380 விமானத்தில் ஒரு நீண்ட இரவுப் பயணத்தை முடித்து இறங்கியவர் எவரும் அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. எஞ்சின் இரைச்சல் அடங்கிய அதன் உட்புறமும், இரண்டு தளங்களில் ஐந்நூறு பேர் அமர்ந்திருந்தாலும் நெரிசல் தெரியாத அதன் அகலமும் வேறு விமானங்களில் எளிதில் கிடைப்பவை அல்ல. ஆனால் விமானத்தில் பயணிப்பவர் ஒருவர், அதை விலை கொடுத்து வாங்குபவர் வேறொருவர். 2018-ஆம் ஆண்டின் விலைப்பட்டியலில் 44.56 கோடி அமெரிக்க டாலர் என்று குறிக்கப்பட்டிருந்த இந்தப் பொருளை (பட்டியல் விலையை யாரும் முழுதாகக் கொடுப்பதில்லை என்பது வேறு கதை) ஒரு வணிக முடிவாக எடைபோடும்போது கிடைக்கும் தீர்ப்பு, பயணியின் தீர்ப்பிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது.

2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏர்பஸ் இத்திட்டத்தைத் தொடங்கியபோது அதன் கணக்கு எளிமையானதாக இருந்தது. பயணிகள் பெருகுவார்கள், பெரிய விமான நிலையங்களில் புதிய ஓடுபாதைகளுக்கு இடமிருக்காது, ஆகவே ஒவ்வொரு புறப்பாட்டிலும் கூடுதலான பேரை ஏற்றிச் செல்வதே வழி. இதில் முதல் பாதி பலித்தது. பயணிகள் பெருகத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் பெரிய நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாறிச் செல்வதைவிட, ஊரிலிருந்து ஊருக்கு நேராகப் பறக்கவே விரும்பினார்கள். அந்த விருப்பத்துக்கேற்ற கருவியாக 2004-இல் போயிங் 777-300இஆர் விமானமும், 2011-இல் 787 விமானமும் சேவைக்கு வந்தன. இரண்டே எஞ்சின்களில் கடல் கடந்து நெடுந்தூரம் பறக்கும் விமானம் கைக்கு வந்த பிறகு, ஐந்நூறு இருக்கைகளை ஆண்டு முழுவதும் நிரப்பியாக வேண்டும் என்ற கவலையைச் சுமக்க விமான நிறுவனங்கள் தயங்கின. தேவை மந்தமான மாதத்தில் சிறிய விமானம் தரும் நட்டம் தாங்கக்கூடியது. பாதி காலியாகப் பறக்கும் ஏ380 தரும் நட்டம் அப்படிப்பட்டதன்று.

வடிவமைப்பிலும் இந்த அதீத நம்பிக்கையின் சுவடு உண்டு. பின்னாளில் இன்னும் நீளமான ஒரு வகை வரும் என்று எண்ணி, அதற்கும் போதுமான இறக்கையை முதல் வகைக்கே பொருத்திவிட்டார்கள். வளரும் பிள்ளைக்கென்று பெரிதாகத் தைத்த சட்டை அது, பிள்ளை வளரவேயில்லை. விளைவாக, விற்ற விமானம் ஒவ்வொன்றும் தேவைக்கு மீறிய எடையைச் சுமந்து பறந்தது. நான்கு எஞ்சின்களின் பராமரிப்புச் செலவு அதற்கு மேல். அந்த எஞ்சின்களும் 787-க்காக உருவான அடுத்த தலைமுறை எஞ்சின்களுக்குச் சற்று முந்தியவை என்பதால், எரிபொருள் சிக்கனத்தில் ஏ380 வந்த சில ஆண்டுகளிலேயே பின்தங்கிவிட்டது.

இவற்றைவிட நிர்வாகம் பயில்வோர் நின்று கவனிக்க வேண்டியது மின்கம்பிகளின் கதை. ஒரு ஏ380-க்குள் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிகள் ஓடுகின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கம்பிகள் பொருத்தப்பட்ட உடற்பகுதிகள் பிரான்சின் துலூஸுக்கு வந்து இணைக்கப்பட்டபோது, பல கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. ஹாம்பர்க் வடிவமைப்பாளர்கள் கேட்டியா என்ற கணினி வடிவமைப்பு மென்பொருளின் 4-ஆம் பதிப்பையும் துலூஸில் இருந்தவர்கள் 5-ஆம் பதிப்பையும் பயன்படுத்தியதால், அலுமினியக் கம்பிகள் வளையும் இடங்களின் அளவு திரையில் ஒன்றாகவும் தொழிற்கூடத்தில் வேறாகவும் இருந்தது. ஹாம்பர்க்கிலிருந்து துலூஸுக்குத் தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் அனுப்பி, கம்பிகளைக் கையால் மாற்றிப் பொருத்த வேண்டியதாயிற்று.

இதை மென்பொருள் கோளாறு என்று எழுதி முடித்துவிடுவது எளிது. நான்கு நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்து உருவான அமைப்பு ஏர்பஸ். பிரான்சு, ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் ஆகியவற்றுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது போலவே அதிகாரமும் பங்கிடப்பட்டிருந்தது. எல்லோரும் ஒரே கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டு நடைமுறைப்படுத்தும் வலு எந்த மேலாளருக்கும் வாய்க்கவில்லை. கோளாறின் முழு அளவு மேலிடத்துக்குப் போய்ச் சேரவும் தாமதமாயிற்று. 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டாவது தாமதம் அறிவிக்கப்பட்டபோது தாய் நிறுவனமான ஈஏடிஎஸ்-இன் பங்கு விலை ஒரே நாளில் 26 விழுக்காடு சரிந்தது. ஈஏடிஎஸ்-இன் இணைத் தலைமை நிர்வாகி நோயல் ஃபோர்ஜாரும் ஏர்பஸின் தலைமை நிர்வாகி குஸ்டாவ் ஹும்பர்ட்டும் பதவி விலகினர். ஹும்பர்ட்டின் இடத்துக்கு வந்த கிறிஸ்தியான் ஸ்ட்ரைஃப் சில மாதங்களிலேயே வெளியேறினார். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2007 அக்டோபரில் சேவையைத் தொடங்குவதற்குள், ஃபெட்எக்ஸ் நிறுவனமும் யுபிஎஸ் நிறுவனமும் சரக்கு வகைக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்துசெய்திருந்தன. அந்த வகை பிறக்கவேயில்லை.

மொத்தம் 251 விமானங்கள் வாடிக்கையாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் 123 எமிரேட்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சென்றன. ஏறக்குறைய பாதி விற்பனை ஒருவரையே நம்பியிருக்கும்போது, திட்டத்தின் ஆயுளும் அவர் கையில் போய்விடுகிறது. புதிய எஞ்சின் பொருத்திய வகையை எமிரேட்ஸ் கேட்டது. வேறு யாரும் பெரிதாகக் கேட்காததால் ஏர்பஸ் துணியவில்லை. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எமிரேட்ஸ் தன் ஆர்டரில் 39 விமானங்களைக் குறைத்துக்கொண்டது; அன்றே உற்பத்தி முடிவும் அறிவிக்கப்பட்டது. கடைசி விமானம் 2021 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது.

பொருளின் தரத்தைப் பற்றிக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2010 நவம்பரில் குவான்டாஸ் விமானத்தின் எஞ்சின் ஒன்று நடுவானில் வெடித்து இறக்கையைத் துளைத்தும், உள்ளே இருந்த 469 பேரும் உயிர் தப்பினர். 2012-இல் இறக்கையின் உள் இணைப்புகளில் விரிசல்கள் தென்பட்டது உண்மைதான். ஆயினும் அவை சீர்செய்யக்கூடியவையாகவே இருந்தன. ஏர்பஸ் பாடத்தையும் வீணாக்கவில்லை. ஏ350 விமானத்தை வடிவமைத்தபோது எல்லா நாட்டுத் தொழிற்கூடங்களும் ஒரே கணினி மாதிரியில் வேலை செய்ய ஏற்பாடு செய்தது.

பயன்படுத்திய ஏ380 ஒன்றை இன்று ஒரு விமான நிறுவனம் எடுக்கலாமா என்று கேட்டால், பெரும்பாலோருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுத்த முதல் விமானங்களுக்கு வேறு ஆள் கிடைக்காமல், பத்தே ஆண்டுகள் பறந்த நிலையில் அவற்றுள் இரண்டு உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டன. இரண்டாம் கையாக ஒன்றை எடுத்துப் பார்த்த போர்ச்சுகலின் ஹைஃப்ளை விமான நிறுவனமும் 2020-இல் அதைக் கைவிட்டது. மாறாக, ஏற்கெனவே சொந்தமாக வைத்திருந்து பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவைத்த லுஃப்தான்சா போன்றவை அதை மீண்டும் பறக்கவிட்டது விவேகமான முடிவே. போயிங்கின் புதிய பெரிய விமானமான 777எக்ஸ் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனதால் பெரிய விமானங்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது; வாங்கிய செலவு பழைய கணக்கில் எழுதப்பட்டுவிட்ட விமானம், நிரம்பிய வழித்தடத்தில் எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் மட்டும் ஈட்டினால் போதுமானது.