திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க வரை: எந்த வழி, எந்த ரிக்கெட், எந்தப் பெட்டி

தம்பிக்கு வருகிற ஜனவரியில் மன்செஸ்டரில் வகுப்புத் தொடங்குகிறது. வீட்டில் தினமும் இதே பேச்சுத்தான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் வண்டியில் போவதா, ரயிலில் போவதா? மலிவான ரிக்கெட் இரண்டை எடுத்து இணைப்பதா, கூடக் காசு கொடுத்து ஒரே ரிக்கெட்டாக எடுப்பதா? அப்பா விலையைப் பார்க்கிறார். அம்மா நல்ல நேரம் பார்க்கிறார். நான் 2018 செப்டெம்பரில் இதே பயணத்தில் ஒரு முழு ரிக்கெட்டின் காசைத் தொலைத்தவள். அதனால் என் கேள்வி வேறு. வழியில் ஏதாவது பிசகினால் பொறுப்பு யாருடையது, சமாளிக்க எவ்வளவு நேரம் கையில் இருக்கும்? அதை மனதில் வைத்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இந்த வருடம் பிள்ளைகளை அனுப்பும் திருமலை வீடுகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வானா, ரயிலா, முதல் நாளே போவதா

கொழும்பில் இருப்பவர்கள் 2013இல் திறந்த அதிவேக வீதியில் ஏறினால் சற்று நேரத்தில் விமான நிலைய வாசலில் இறங்கிவிடுவார்கள். நாம் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று தீவின் குறுக்கே போக வேண்டும். வானில் ஆறு மணித்தியாலம் என்று கணக்கு வைப்பதுதான் பாதுகாப்பு. மூதூர், குச்சவெளிப் பக்கத்தவர்களுக்கு இன்னும் கூடும். பயணத்தின் மிகப் பலவீனமான பகுதி இந்தத் தரைவழிதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் ரிக்கெட்டைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, இதைக் கடைசி வாரத்தில்தான் எண்ணிப் பார்க்கிறார்கள்.

வானின் நன்மை எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலில் ஏற்றிய பெட்டி புறப்பாட்டு வாசலில்தான் இறங்கும். அம்மம்மா முதல் சித்தியின் கைக்குழந்தை வரை வந்து வழியனுப்பலாம். அந்தக் கூட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நான் போன நாளில் 11 பேர் வந்தார்கள், அந்த முகங்களை நினைத்துக்கொண்டுதான் முதல் மாதத்தைக் கழித்தேன். ஆனால் 11 பேருடன் போனால் ஹபரணையில் தேநீர், தம்புள்ளையில் ஒருவருக்கு வாந்தி, குருநாகலில் சாப்பாடு என்று இரண்டு மணித்தியாலம் கரைந்துவிடும். இரவு ஓட்டம் என்றால் கவலை இன்னும் கூடும். ஹபரணைப் பக்கம் யானை வீதியில் நின்றால், அது தானாக விலகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாரதி பகல் முழுவதும் வேறு ஓட்டம் ஓடிவிட்டு வந்தவரா என்று கேட்காமல் இரவு வானில் யாரையும் ஏற்றக் கூடாது.

ரயில் மலிவு, படுக்கை கிடைத்தால் உறங்கிக்கொண்டும் போகலாம். நம் பாதை 1927இல் திறந்தது. கல்லோயாச் சந்தியில் அது மட்டக்களப்புப் பாதையோடு சேர்கிறது. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எங்காவது ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருவதும் நிற்கும். 2025 பெப்ரவரியில் கல்லோயாப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. அதே வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் கிழக்குக் கரையில் ஏறியபோது நாடெங்கும் வீதிகளும் தண்டவாளங்களும் உடைந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இதைவிட முக்கியம், இந்த ரயில் விமான நிலையத்துக்குப் போவதில்லை. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கி, பெட்டிகளோடு நடந்து, விமான நிலையத்துக்குப் போகும் 187ஆம் இலக்கப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அல்லது வாடகைக் கார் எடுக்க வேண்டும். மலேசியாவுக்குப் படிக்கப் போன என் மூதூர்த் தோழி வந்த ரயில், மழையில் விழுந்த மரம் ஒன்றால் நடுக்காட்டில் நின்றது. கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய விமானத்துக்கான கவுண்டர் மூடியிருந்தது. பஸ்ஸும் அப்படித்தான்: கொழும்பு வரை போய்த் திரும்பி வர வேண்டும், 23 கிலோப் பெட்டிகளை வைக்க இடமும் கிடைக்காது.

ஆகவே என் தெரிவு மூன்றாவது. முதல் நாள் காலை வெளிச்சத்தில் புறப்பட்டு, நீர்கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஓர் அறை எடுத்து இரவு தங்குவது. அறைச் செலவு கூடுதல்தான். ஆனால் வழியில் டயர் வெடித்தாலும் வெள்ளம் மறித்தாலும் ஓர் இரவு முழுவதும் கையில் இருக்கும். செப்டெம்பரில் போகிறவர்கள் வேண்டுமானால் இதை விட்டுவிடலாம், அப்போது நம் பக்கம் காய்ந்து கிடக்கும். ஜனவரியில் போகிறவர்களுக்கு விட்டுவிட என்னால் சொல்ல முடியாது. வாடைக்காற்று மழை அடித்துக்கொண்டிருக்கும் காலம் அது.

ஒரு பதிவா, இரண்டு பதிவா

என் காசு போனது இங்கேதான். 2018இல் கொழும்பு–சென்னை ஒரு நிறுவனத்திலும் சென்னை–லண்டன் இன்னொன்றிலும் தனித்தனியாக எடுத்தேன். 25,000 ரூபாய் மிச்சம். இடையில் ஐந்து மணித்தியாலம் இருந்தது, தாராளம் என்று நினைத்தேன். முதல் விமானம் நாலு மணித்தியாலம் தாமதம். சென்னையில் இறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, பெட்டிக்குக் காத்திருந்து, மேலே ஓடிப்போனால் கவுண்டரில் ஆள் இல்லை. சர்வதேசப் பயணத்துக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடுவார்கள். முதல் நிறுவனம் சொன்னது: “உங்களைச் சென்னையில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது.” இரண்டாவது நிறுவனம் சொன்னது: “நீங்கள் வரவில்லை, ரிக்கெட் முடிந்தது.” இரண்டு பேரும் தங்கள் விதிப்படி சரியாகத்தான் சொன்னார்கள். அதுதான் வயிற்றைப் பிசைந்தது. இந்திய வீசா எடுத்திருந்ததால் வெளியே வர முடிந்தது, வளசரவாக்கத்தில் பெரியம்மா வீடு இருந்ததால் படுக்க இடம் கிடைத்தது. புதிய ரிக்கெட்டுக்கு 1,10,000 ரூபாய். அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. அந்தக் காப்பை மீட்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

ஒரே பதிவு என்றால் கொழும்பிலிருந்து கடைசி ஊர் வரை எல்லாப் பறப்பும் ஒரு பதிவு எண்ணுக்குள் வரும். பெட்டியும் பெரும்பாலும் நேரே கடைசி ஊருக்குப் போய்விடும். முதல் பறப்புத் தாமதமாகி அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்பரப்பைத் திடீரென்று மூடியதே, அப்படியான நாளில் இந்த வித்தியாசம் தெரியும். இரண்டு பதிவில் இடைவழி நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுக்க வேண்டும், அதற்கு வீசா வேண்டும், எடை அளவும் இரண்டு நிறுவனத்தில் இரண்டு விதமாக இருக்கும். இரண்டாவது ரிக்கெட்டோடு திரும்பும் பயணமும் சேர்ந்திருந்தால், போகும் பறப்பைத் தவறவிட்டவுடன் அதுவும் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

இரண்டு பதிவு பொருந்தும் ஓர் இடம் உண்டு. சென்னையில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவதாக இருந்தால், வீசாவும் இருந்தால், தாராளமாக எடுங்கள். ஐந்து மணித்தியால இடைவெளியை நம்பி எடுக்க வேண்டாம்.

சரி, ஒரே பதிவுக்குள்ளும் தெரிவு இருக்கிறது. கொழும்பிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் உண்டு. இணைப்புத் தவறும் பயமில்லை. ஆனால் தம்பி போவது மன்செஸ்டருக்கு. பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து இறங்கியபின், ஜனவரிக் குளிரில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இன்னொரு நெடும்பயணம் போக வேண்டும். டுபாய் அல்லது தோஹா வழியாகப் போனால் மன்செஸ்டரிலேயே இறங்கலாம். லண்டனில் படிப்பவருக்கு நேரடி, வடக்கே படிப்பவருக்கு வளைகுடா வழி என்பது என் கணக்கு. இணைப்புக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் இருக்கும் ரிக்கெட்டை விட்டுவிட்டு, மூன்று மணித்தியாலமாவது இருப்பதைத் தேடுங்கள்.

ரிக்கெட் பதியும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. அப்பா பெயர் முன்னால் வரும், முதலெழுத்தாகச் சுருங்கும், பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருக்கும். பல்கலைக்கழகக் கடிதம், வீசா, ரிக்கெட் மூன்றும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

பெரிய பெட்டி ஒன்றா, சின்னது இரண்டா

மொத்த எடையை மட்டும் பார்க்கும் எடைக்கணக்கில் ரிக்கெட் இருந்தால் முழுவதையும் ஒரே பெட்டியில் அடைக்க ஆசை வரும். பெட்டிகளை எண்ணும் எண்ணிக்கைக் கணக்கில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு. எந்தக் கணக்கானாலும் நான் இரண்டு சின்னப் பெட்டியின் பக்கம்தான். மாணவர் விடுதியின் மாடிப்படியில் 30 கிலோவைத் தனியே தூக்கிப் பார்த்தவருக்கு ஏன் என்று தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பெட்டி வராமல் போனாலும் மற்றதில் மாற்றுடுப்பு இருக்கும், இரண்டிலும் கலந்து அடுக்கினால். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்கேயே முறைப்பாடு எழுதி எண்ணை வாங்கிவிட வேண்டும். 21 நாள் கடந்தும் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு நட்டஈடு கேட்கலாம்.

குளிர் கோட் ஒன்றை மட்டும் இங்கிருந்து கையோடு கொண்டுபோனால் போதும், மற்றவற்றை அங்கே வாங்கலாம். நெத்தலிக் கருவாடு, கறித்தூள் இங்கிலாந்துக்குள் போகும். இறைச்சியும் பால் சேர்ந்த இனிப்பும் பச்சைக் கறிவேப்பிலையும் போகாது. அவுஸ்திரேலியா போகிற பிள்ளை என்றால் சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் உள்வருகை அட்டையில் அறிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம், வீசாவுக்கே ஆபத்து வரலாம்.

கடதாசியா, போனா

என் காலத்தில் பாஸ்போர்ட்டில் வீசா ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. இப்போது இங்கிலாந்து மாணவர்களுக்கு மின்வீசாதான். அதனால் எல்லாம் போனில் இருக்கிறது என்று தம்பி நினைக்கிறான். போன் சார்ஜ் இறங்கினால்? இதில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை, இரண்டும் வேண்டும். அனுமதிக் கடிதம், காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ், தங்குமிட முகவரி எல்லாம் அச்சடித்துக் கைப்பையில் இருக்கட்டும். பவர் பாங்க்கும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போட விடமாட்டார்கள்.

காசிலும் அப்படியே. முதல் வாரச் செலவுக்குப் பவுண் தாள், மீதிக்கு அட்டை. அட்டையை வெளிநாட்டில் பாவிக்க வங்கியில் சொல்லித் திறக்க வேண்டும். உறுதிப்படுத்தும் எண் இலங்கைச் சிம்முக்குத்தான் வரும் என்பதால், புறப்படுமுன் ரோமிங்கையும் திறக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் போனது. முதல் இரண்டு நாள் கணக்கில் காசு இருந்தும் ரயில் ரிக்கெட் வாங்க முடியவில்லை.

நேற்று இரவு எல்லோரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். டுபாய் வழியாக ஒரே பதிவு, இடையில் மூன்றரை மணித்தியாலம். முதல் நாள் காலையில் பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வான் புறப்படும். அந்த நேரம் அம்மாவின் பஞ்சாங்கத்திலும் பொருந்தி வந்துவிட்டது. நீர்கொழும்பில் அறைக்கு முன்பணம் கட்டியாயிற்று. வானில் அப்பா, அம்மா, நான், தம்பி போக மூன்று இடம்தான் மிச்சம். அந்த மூன்று பேர் யார் என்பதை அம்மம்மாவிடம் விட்டிருக்கிறோம்.