பழைய காரில் ஈசிஎம் செத்துவிட்டால்: புதியதா, கழற்றியதா, போர்டு வேலையா?

சேலத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, ஐகான் போன்ற பழைய கார்களில் கணிசமானவை, கார்புரேட்டர் விலகி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ முறை வந்த 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பிரித்துப் பூட்டுவதற்கு அஸ்தம்பட்டியிலும் கொண்டலாம்பட்டியிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால், பெட்ரோல் தெளிப்பையும் தீப்பொறியையும் நேரம் பார்த்துக் கொடுக்கும் கணினிப் பெட்டியான ஈசிஎம் செயலிழந்துவிட்டது என்று சொல்லப்பட்டவுடன், காரை விற்றுவிடலாம் என்ற எண்ணமே உரிமையாளருக்கு முதலில் வருகிறது. அந்த முடிவுக்குப் போவதற்கு முன் எடைபோட வேண்டிய வழிகள் மூன்று: கம்பெனியிலிருந்து புதிய பெட்டி வாங்குவது, கழித்த வண்டியிலிருந்து கழற்றியதைப் பொருத்துவது, இருப்பதையே திறந்து உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு அளவில் பழுதுபார்ப்பது. இவற்றுள் எது மலிவு என்று கேட்டுத் தொடங்குவதை விட, பெட்டி எப்படிச் செத்தது என்றும் வண்டியில் இம்மொபிலைசர் என்னும் மின்னணுத் திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறதா என்றும் கேட்டுத் தொடங்குவதே சரியான விடைக்குக் கொண்டுசெல்லும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்னதாக, பெட்டி உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதை நிரூபித்தாக வேண்டும். சாவியைத் திருப்பும்போது செக் இன்ஜின் விளக்கு எரியாமலிருப்பதும் ஸ்கேனர் இணைப்புக் கிடைக்காமலிருப்பதும் சந்தேகத்துக்கு இடம் தருகின்றனவே தவிர, தீர்ப்பாகா. பெட்டிக்கு மின்சாரம் விடும் மெயின் ரிலே பழுதானாலும், ஃபியூஸ் போனாலும், எர்த் வயர் துருப்பிடித்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். பெட்டியின் கனெக்டருக்கு வரும் மின்சாரத்தை வெறும் மல்டிமீட்டரால் மட்டும் அளந்து நம்பிவிடக் கூடாது. ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். அந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்துப் பார்த்தால்தான் அந்த வயர் பாரம் தாங்குமா என்பது தெரியும். எர்த் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே, ஸ்டார்ட்டர் சுழலும்போது, 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் இல்லையென்றால், சென்சார்களின் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்; ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால், குற்றவாளி அந்தச் சென்சாரோ அதன் வயரோதான், ஈசிஎம் நிரபராதி.

பெட்டி செத்ததுதான் என்று உறுதியானால், அதைத் திறந்து பார்ப்பதுதான் அடுத்த படி. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுப் பெட்டியை வெளியே எடுத்து, மூடியை நீக்கி, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் பெரும்பாலும் மூன்றில் ஒரு காட்சி கிடைக்கும். முதலாவது, இன்ஜெக்டரையோ தீப்பொறிக்கான காயிலையோ இயக்கும் டிரான்சிஸ்டர் ஒன்று வெடித்து, அதைச் சுற்றி மட்டும் போர்டு கருகியிருப்பது. இது பெட்டிக்கு வெளியே இருக்கும் ஷார்ட் காயிலின் வேலையாகவோ, பேட்டரியை மாற்றித் தொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்ததன் விளைவாகவோ, ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் அடித்ததாலோ நேர்வது. இரண்டாவது, கெப்பாசிட்டரின் காலடியில் பழுப்பு வளையம் படர்ந்து, மீன் கவிச்சி போன்ற ஒரு வாடை அடிப்பது. உள்ளிருக்கும் திரவம் கசிந்து போர்டின் செப்புத் தடங்களை அரிக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறக்குறையப் பாதியாகும் என்பதால், சேலத்துக் கோடையில் வெயிலில் நிறுத்தப்படும் வண்டிகளுக்கு இது வயதோடு வரும் நோய். மூன்றாவது, கனெக்டர் பின்களில் பச்சைப் பூச்சும், போர்டின் ஓரத்திலிருந்து உள்ளே பரவும் வெள்ளைத் தூளும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மாதக்கணக்கில் பனிமூட்டத்திலும் மழையிலும் நின்று, எப்போதாவது மட்டும் இறங்கி வரும் வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். இந்த மூன்று சாவுகளுக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது.

புதிய பெட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிடைக்குமானால் அதுவே தலைசிறந்தது. பார்ட் நம்பர் பிசகாது, உத்தரவாதம் உண்டு, இம்மொபிலைசரைக் கம்பெனி ஸ்கேனர் கொண்டே சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஜென் 2006இலும், மாருதி 800 2014இலும் உற்பத்தி நின்றுபோன வண்டிகள் என்பதால், கிடைப்பதுதான் கேள்வி. கிடைத்தாலும், அந்த விலை காரின் சந்தை மதிப்பில் கால் பங்கைத் தாண்டுமானால், குடும்பத்தோடு பிணைந்த வண்டி என்ற காரணம் இல்லாதவர்கள் வேறு வழி பார்ப்பதில் தவறில்லை.

கழற்றிய பெட்டிக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் நம் பக்கத்து மெக்கானிக்குகள் முதலில் தொலைபேசியை எடுக்கும் இடங்கள். இதில் பலர் சறுக்குவது எண்ணில்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண் மாருதியில் பொதுவாக 33920 என்றும், ஹூண்டாயில் 391 என்றும் தொடங்கும். அந்த முன்பகுதி எல்லா மாடலுக்கும் பொது என்பதால், பொருத்தத்தைத் தீர்மானிப்பது பின்னால் வரும் எழுத்துகளும் எண்களுமே. ஒரே மாடலிலும் ஏசி உள்ளது, இல்லாதது, புகைக் கட்டுப்பாட்டு நிலைகளான பாரத் ஸ்டேஜ் 2, பாரத் ஸ்டேஜ் 3 என்று பெட்டிகள் வேறுபடும். கனெக்டர் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக ஓட்டினால், ஐடிலில் ஏறி இறங்குவதும், ஏசி போட்டவுடன் இன்ஜின் அணைவதும், மைலேஜ் சரிவதுமாக மாதங்கள் கழியும். ஆகவே, பழைய பெட்டியின் ஸ்டிக்கரைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பி, வரப்போகும் பெட்டியின் படத்தையும் வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இம்மொபிலைசர் உள்ள வண்டியில் எண் ஒத்துப்போனாலும் வேலை முடிவதில்லை. சாவிக்குள் இருக்கும் சிப், இக்னிஷனைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம், ஈசிஎம் ஆகியவை தமக்குள் ஒரு ரகசியக் குறியீட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. வேறு வண்டியிலிருந்து வந்த பெட்டி அந்த வண்டியின் குறியீட்டையே சுமந்து வருவதால், இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடிகளில் அணைந்துவிடும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. இதற்கு நேர்மையான தீர்வு, செத்த பெட்டியின் ஈஈப்ராம் என்னும் சிறிய நினைவுச் சிப்பைப் படித்து, அதிலுள்ள தகவலை வந்த பெட்டியில் எழுதுவது. டிரான்சிஸ்டர் வெடித்த பெட்டியிலும் இந்தச் சிப் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். எனவேதான், பழைய பெட்டியைப் பேரம் பேசிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மாற்றுப் பெட்டி வாங்கும் ஏற்பாட்டை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதோடு அந்த வண்டியின் குறியீடும் கைவிட்டுப் போய்விடுகிறது. இம்மொபிலைசரையே மென்பொருளில் அணைத்துவிடலாம் என்று சிலர் முன்வருவார்கள். வேலை எளிது, செலவும் குறைவு. ஆனால் திருட்டுக்கு எதிரான ஒரே மின்னணுப் பூட்டை உரிமையாளரே உடைத்து வைப்பதாகும் என்பதோடு, வண்டி காணாமற்போனால் காப்பீட்டு நிறுவனத்திடம் பதில் சொல்ல வேண்டிய நிலையும் வரும்.

போர்டு வேலைதான், என் கணிப்பில், பழைய வண்டிக்காரர் முதலில் விசாரிக்க வேண்டிய வழி. எண் ஒத்துப்போக வேண்டிய கவலையில்லை, குறியீட்டை மாற்றி எழுத வேண்டியதில்லை, வண்டியோடு பிறந்த பெட்டியே திரும்ப வருகிறது. வெடித்த டிரான்சிஸ்டரையும் கசிந்த கெப்பாசிட்டரையும் மாற்றுவது, ஹாட் ஏர் ஸ்டேஷனும் நுண்ணோக்கியும் பொறுமையும் உள்ள எலக்ட்ரானிக்ஸ் ஆளுக்குப் பெரிய சவால் அன்று. பற்றவைப்பு எப்படியிருக்கிறது என்பதை விட, வேலை செய்பவர் கேட்கும் கேள்விகளைக் கொண்டே அவருடைய தரத்தை எடைபோடலாம். காயிலின் மின்தடை அதாவது ஓம்ஸ் எவ்வளவு, இன்ஜெக்டரின் ஓம்ஸ் எவ்வளவு, சார்ஜிங் வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்காமல் பெட்டியை மட்டும் வாங்கிவைத்துக்கொள்பவர், அதே டிரான்சிஸ்டர் மறுபடி வெடிக்க வழிவிடுகிறார். இத்தகைய பெட்ரோல் கார்களின் இன்ஜெக்டர் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம்ஸ் வரை காட்டும். அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அதை மாற்றாமல் பெட்டியைப் பூட்டவே கூடாது. சார்ஜிங் 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். திரும்ப வரும் பெட்டியை, வண்டியின் சென்சார்களைப் போல நடிக்கும் சிமுலேட்டரில் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளலாம். விரிசல் விட்ட சால்டர் மூட்டு, குளிர்ச்சியில் சமர்த்தாக இருந்து சூட்டில்தான் தன்னைக் காட்டும்.

எனினும் போர்டு வேலைக்கும் எல்லை உண்டு. பீங்கான் தகட்டில் நுண்ணிய அலுமினிய இழைகளால் பிணைத்து மேலே ஜெல் ஊற்றிய பெட்டிகளில் சாதாரண சால்டரிங் கருவிக்கு வேலையில்லை. காமன்ரெயில் டீசல் வண்டிகளின் பெட்டி, இன்ஜெக்டரைத் திறப்பதற்காகத் தனக்குள்ளேயே பேட்டரியைப் போலப் பல மடங்கு வோல்டேஜ் உருவாக்குகிறது. அதைப் பெட்ரோல் பெட்டி மட்டுமே பார்த்துப் பழகிய கையிடம் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரத்தில் அரித்த போர்டு. இன்று ஒரு தடத்தை ஒட்டவைத்தால், அடுத்த மழைக்குப் பல அடுக்குகள் கொண்ட போர்டின் உட்தடம் ஒன்று விடும். ஆகவே மலைமேல் நின்று பச்சைப் பூத்த பெட்டிக்குப் போர்டு வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் நினைவுச் சிப்பை மட்டும் காப்பாற்றி, சமவெளியில் ஓடிய வண்டியின் பெட்டிக்கு மாற்றிக்கொள்வதும், கூடவே வண்டிக்குள் தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டு அடைப்பதுமே நிலைக்கும். டிரான்சிஸ்டர் மட்டும் வெடித்த பெட்டிக்கு இதற்கு நேர்மாறாகப் போர்டு வேலையே முதன்மையானது. கெப்பாசிட்டர் கசிவு, அரிப்பு தடங்களைத் தொடும் முன் கண்டுபிடிக்கப்பட்டால் போர்டு வேலைக்கும், தாமதமானால் கழற்றிய பெட்டிக்கும் உரியது. புதியது, மற்ற இரண்டும் கைகூடாதபோதோ, வண்டியை இன்னும் நெடுங்காலம் வைத்திருக்கும் முடிவு திடமாக இருக்கும்போதோ பொருந்தும்.

ஈசிஎம்மையே தூக்கி எறிந்துவிட்டு பழைய கார்புரேட்டருக்கு மாறிக்கொள்ளும் யோசனையும் பட்டறைகளில் எழுவதுண்டு. ஏற்காட்டுக்கு ஏறி இறங்கும் வண்டிக்கு இது பெருங்கேடு. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரிலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் இருப்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஈசிஎம் அதைக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வழியாக உணர்ந்து பெட்ரோலைக் குறைக்கும்; கீழே செட் செய்த கார்புரேட்டருக்கு அது தெரியாது, மேலே போகப்போகப் பெட்ரோல் மிகையாகிக் கரும்புகை தள்ளும். இறக்கத்தில் காலை எடுத்தவுடன் இன்ஜெக்டரை மூடிப் பெட்ரோலை நிறுத்தும் வசதியும் போய்விடும். பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், சான்றிதழ் வாங்குவதிலும் இழுபறியே மிஞ்சும்.

எந்த வழியில் பெட்டி வந்தாலும், அதைப் பூட்டிய பிறகு ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பணத்தைத் தீர்த்துவிடக் கூடாது. அடிவாரத்திலிருந்து இரண்டாம் கியரில் மலையேற்றி, உச்சியில் இன்ஜினைச் சூட்டோடு அணைத்து, கால் மணி நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, ஐடில் நிற்கிறதா என்று பார்த்து, ஸ்கேனரில் புதிய கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்று படித்துவிட்டு இறங்கலாம். அதோடு, பெட்டியைத் திறந்தவரிடம் ஈஈப்ராமைப் படித்த ஃபைலின் நகலைக் கேட்டு வாங்கி, ஆர்சி புத்தகத்தின் நகல் இருக்கும் இடத்திலேயே அதையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்; அடுத்த முறை எந்த வழியைத் தேர்ந்தாலும் அந்த ஃபைல் தேவைப்படும்.