அடிப்பக்கம் கருப்பாக இருந்தால் ஒரிஜினல் என்று நம்பிவிடாதீர்கள்

பழைய பிளேஸ்டேஷன் 1 கேம் டிஸ்க் தேடுகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரிஜினலுக்கு அடிப்பக்கம் கருப்பாக இருக்கும், அதை மட்டும் பார்த்து ஏமாந்தேன். எனக்கு 6,500 ரூபாய் போயிற்று.

எல்லாம் ஒரு கடுப்பில் ஆரம்பித்தது. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 7 என் காலேஜ் நாட்களில் பாதியைத் தின்ற கேம். சண்டையில் நம் முறைக்கான பார் நிறையும்வரை காத்திருந்து, எந்த மெட்டீரியாவை (மந்திர சக்தி தரும் உருண்டை) எதனோடு கோர்ப்பது என்று ரஃப் நோட்டில் எழுதிவைத்து ஆடினோம். 2020 ரீமேக் வந்தது. கதை தொடங்கும் மிட்கர் நகரத்தை விட்டு வெளியேறுவதோடு கேம் முடிந்தது! பழையதில் அது முதல் டிஸ்க்கிலேயே ஐந்தாறு மணி நேரத்தில் தாண்டிப்போகும் இடம். அதே வரிசையில் 2023-இல் வந்த 16-ஆம் பாகத்தில் முழுக்க நேரடி அடிதடி. கூட வருகிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சண்டை போடுகிறார்கள், நம் பேச்சைக் கேட்பது நாய் மட்டும்தான். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. எனக்கு அந்தப் பழைய மூன்று டிஸ்க்தான் வேண்டியிருந்தது.

பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் கண்ணில் பட்டது. அமெரிக்கப் பதிப்பு, மேனுவலோடு. "பக்கா ஒரிஜினல் ப்ரோ, அடிப்பக்கம் பாருங்க" என்று கருப்பு டிஸ்க்கைப் பூப்போட்ட பெட்ஷீட்டில் வைத்து எடுத்த போட்டோ அனுப்பினார். ஓடுவதையும் வீடியோவில் காட்டினார். ஜீபேயில் அனுப்பிவிட்டேன்.

வந்தது, என் மெஷினில் ஓடவும் செய்தது. அங்கேதான் ஏமாந்தேன். என்னுடையது அந்தக் காலத்திலேயே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், காப்பி டிஸ்க்கும் ஓடுவதற்காகச் சிப் வைத்தது. எதைப் போட்டாலும் ஓடும். (அன்று நூறு ரூபாய் காப்பியில் ஆடியவன் இன்று காப்பி என்று புலம்புகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.) ஒரிஜினல் டிஸ்க்கின் உள்விளிம்புத் தடத்தில் ஒரு நெளிவு இருக்கும், சாதாரண சிடி ரைட்டரால் அதை எழுத முடியாது. சிப் வைக்காத மெஷின் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேமை ஏற்றும். நண்பனிடம் அவன் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, யாரும் கை வைக்காத மெஷின் இருக்கிறது. அதில் போட்டோம். மூன்றில் ஒன்றுகூட ஏறவில்லை.

அப்புறம்தான் டிஸ்க்கைத் திருப்பி உற்றுப் பார்த்தேன். எழுதிய பகுதி முடியும் இடத்தில் வளையம்போல நிறம் மாறுகிறது. கருப்பு நிறத்திலேயே வெற்று சிடி கிடைக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மேனுவலில் சின்ன எழுத்தெல்லாம் இங்க் ஊறி மங்கியிருந்தது.

வாங்குவதென்றால் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். சிப் இல்லாத, டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்போ அந்த நாட்டு மெஷினில் ஓடுவதை நேரில் பார்க்காமல் காசு தராதீர்கள். ஆடிப் பார்த்தால் போதும் என்றால் அதே பழைய கேம் கம்ப்யூட்டருக்கான ஸ்டீம் ஆன்லைன் கடையிலும் பிஎஸ்4-இலும் ஸ்விட்சிலும் இருக்கிறது. எனக்குப் போன காசில் சின்னப் பங்குதான் ஆகும்.

விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று வேறு பெயரில் இன்னொரு விளம்பரம் பார்த்தேன், இந்த முறை 8-ஆம் பாகம், நான்கு டிஸ்க். அதே பூப்போட்ட பெட்ஷீட்.