டேட்டா ரெக்கவரி என்று சொல்லி 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், தயவுசெய்து படியுங்கள்

அக்காவின் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் லேப்டாப்பில் திறக்கவில்லை. பெரிய போர்டு மாட்டிய ஒரு டேட்டா ரெக்கவரி கடையில் கொடுத்தார். 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, மீட்டிருக்கக்கூடிய ஃபைல்களையும் சேர்த்து நாசம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி அந்த டிஸ்க்கை முழுக்கச் சோதித்தேன். வயிறு எரிகிறது.

கடைக்குப் போகும் முன் அக்கா திரையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 931 ஜிபி என்று அளவு சரியாகத் தெரிகிறது, பக்கத்தில் 'ரா' என்று இருக்கிறது, அதாவது ஃபைல் அமைப்பை விண்டோஸால் படிக்க முடியவில்லை. லைட் எரிந்தது, உள்ளே டேட்டா பதியும் தட்டு சுழன்றது, 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டது. இப்படி இருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கின் உடம்பில் கோளாறு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளை உருவினாலோ கரண்ட் போனாலோ என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கும் முறை) பூட் செக்டார் கெட்டுப்போகலாம். ஃபைல் அமைப்பின் அடிப்படை விவரம் இருக்கும் முதல் துண்டு அது. அதற்கு ஒரு நகல் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் இருக்கிறது. ஒழுங்கான ஆள் முதலில் இன்னொரு டிஸ்க்கில் செக்டார் செக்டாராக முழு காப்பி எடுப்பான். பிறகு அந்தக் காப்பியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு அந்த நகலைத்தான் தேடுவான். நகல் நன்றாக இருந்து, எந்த ஃபைல் எங்கே என்று சொல்லும் ஃபைல் டேபிளும் கெடாமல் இருந்தால் ஃபோல்டர் பெயர் முதற்கொண்டு திரும்பும். டெஸ்ட்டிஸ்க் இலவசம்.

கடையில் என்ன செய்தான் தெரியுமா? டிஸ்க்கைச் செருகி, அக்காவின் காதருகே பிடித்து, "கேளுங்க மேடம், டிக்குனு சத்தம் வருதா? ஹெட் போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறான். ஹெட் என்றால் தட்டில் டேட்டாவைப் படிக்கிற, எழுதுகிற பாகம். சொல்லும்போதே கேபிளை உருவியிருக்கிறான். கரண்டைத் திடீரென்று நிறுத்தினால் எந்த நல்ல 2.5 இன்ச் டிஸ்க்கும் ஒரே ஒரு முறை 'டிக்' என்று சத்தம் போடும். ஹெட் தட்டைவிட்டு விலகித் தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் அது. ஹெட் கெட்ட டிஸ்க் கரண்டில் இருக்கும்போதே திரும்பத் திரும்ப 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு இது எப்படித் தெரியும்? "கிளீன் ரூம்ல திறந்து, இதே மாடல்ல டோனர் டிஸ்க் வாங்கி ஹெட் மாத்தணும். வீட்டு விசேஷ வீடியோ எல்லாம் பத்திரமா வந்துடும், நான் பொறுப்பு" என்றானாம். அதாவது தூசியில்லாத அறையில் திறந்து, இன்னொரு டிஸ்க்கின் ஹெட்டை எடுத்து இதில் பொருத்துவானாம். அந்த 'நான் பொறுப்பு'க்குத்தான் 18,500 ரூபாய். முழுப் பணமும் முன்பணமாக.

இப்போது டிஸ்க் என் கையில் இருக்கிறது. உறையைப் பிரித்து உள்ளே பார்த்தால் மூடியைச் சுற்றி சீல் கிழியவில்லை, லேபிளுக்கு அடியில் இருக்கும் டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூவைத் தொட்ட அடையாளமே இல்லை. மூடியைத் திறக்காமல் ஹெட் மாற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில், கெட்ட செக்டார்களை எண்ணும் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம், அதாவது ஒரு செக்டார்கூடக் கெட்டதாகப் பதிவாகவில்லை. உள்ளே 'ரெகப்_டிர்' என்று தொடங்கும் ஃபோல்டர்கள். ஃபைல்களுக்குப் பெயரே இல்லை, எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீள எண்ணும் மட்டும். ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் விட்டுப்போகும் தடம் இது. அதுவும் இலவசம்தான்! பெரிய வீடியோ துண்டு துண்டாகப் பதிந்திருந்தால் அதனால் சரியாகக் கோக்க முடியாது. அதனால்தான் அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோ ஓடவில்லை.

இதைவிடக் கொடுமை, அக்காவின் டிஸ்க்கையே எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபைல் முறையில் ஃபார்மேட் அடித்து, வந்ததை அதன் மேலேயே எழுதியிருக்கிறான். எழுதிய இடத்தில் இருந்த பழைய டேட்டாவை இனி யாராலும் எடுக்க முடியாது.

போன் செய்தால் "இன்ஜினியர் வெளியூர் போயிருக்கார்". நேரில் போனால் "சிஸ்டத்துல வைரஸ் இருந்திருக்கும் மேடம்". மாற்றிய ஹெட்டைக் காட்டுங்கள் என்றால் "அதெல்லாம் ஸ்கிராப்ல போட்டாச்சு". வாட்ஸாப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் பில்லின் அடியில் பொடி எழுத்தில் 'டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை' என்று இருப்பதைக் காட்டினான். அந்த பில்லில் ஜிஎஸ்டி எண்கூட இல்லை. 18,500 ரூபாய்!

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாகிவிட்டது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை, அவசரத்துக்கு இவை மட்டும். டிஸ்க் காட்டவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், பல டிஸ்க்குகள் சுழலத் தொடங்க அது போதாது. 'ஃபார்மேட்', 'இனிஷியலைஸ்' எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்துங்கள். விண்டோஸின் பிழை திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். டிஸ்க் உண்மையிலேயே விடாமல் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். கடையில் கொடுத்தால் கோளாறு என்ன என்று எழுதி வாங்குங்கள். மீட்ட ஃபைல்கள் வேறு டிஸ்க்கில்தான் வர வேண்டும், பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது என்பதையும் அதிலேயே எழுத வையுங்கள். ஃபைல் பட்டியலைக் காட்டிய பிறகு பணம், அதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.