லிக் மேட் வாங்கலாமா? பயந்த குட்டிக்கு அதை எப்படிப் பயன்படுத்தினேன், எங்கே சரிப்பட்டு வரவில்லை

நேராகவே சொல்லிவிடுகிறேன். குளியல், சீப்பு, நகவெட்டி, ஆஸ்பத்திரி என்று எதைக் கண்டாலும் நடுங்குகிற இளம் நாய் வீட்டில் இருந்தால் ஒரு லிக் மேட் வாங்குங்கள், கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டு. ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கிற மாதிரி குளியலறைச் சுவரில் ஒட்டி, தயிரைத் தடவிவிட்டு, நாய் நக்குகிற நேரத்தில் எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்று எண்ணி வாங்க வேண்டாம். அப்படிச் செய்தால் கொஞ்ச நாளில் அந்த மேட்டைப் பார்த்தாலே நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தெரியாதவர்களுக்காக: இது ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமான சிலிகான் தகடு. மேல் பக்கம் முள்முள்ளாக, கட்டம்கட்டமாகப் பள்ளங்கள். அடியில் சுவரைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் குமிழ்கள். பள்ளத்தில் எதையாவது குழைத்துத் தடவினால் நாய் அதை ஒரே வாயில் விழுங்க முடியாது, நக்கி நக்கித்தான் எடுக்க வேண்டும். நான் ஆன்லைனில் 250 ரூபாய் வாக்கில் வாங்கினேன். பெயர் சொல்லும்படியான கம்பெனி இல்லை, பெட் ஷாப்களிலும் இதே மாதிரி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மல்லி, ஸ்பிட்ஸும் நாட்டு நாயும் கலந்த வெள்ளைக் குட்டி, இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீடு, சுற்றிலும் மாடு, ஆடு, புல். உண்ணிக்குக் கேட்கவா வேண்டும்? உண்ணி வழியாக எர்லிக்கியா என்கிற ரத்தக் காய்ச்சல் வரும், அதில் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இறங்கி நாய் சுருண்டுவிடும். ஆக முடியை விலக்கிப் பார்ப்பதும் சீவுவதும் அழகுக்காக இல்லை, அவள் உயிருக்காக. அப்படிப்பட்டவளை முதல்முறை க்ரூமிங் கொண்டு போன இடத்தில் (பெயர் வேண்டாம்) மேசைக் கம்பியில் கழுத்தைச் சுருக்குப் போட்டுக் கட்டி, ஒருவர் பிடிக்க ஒருவர் முகத்துக்கு நேராக முடி உலர்த்துகிற ப்ளோயரை அடித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே என்னை நிற்க வைத்திருந்தார்கள். மல்லி கத்தவில்லை, உறைந்துபோய் நின்றாள், அதைப் பார்த்து "நல்ல சமத்துங்க" என்றார்கள். பயத்தில் உறைந்து நிற்கிற நாயைச் சமத்து என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அதற்கப்புறம் வீட்டில் சீப்பை எடுத்தாலே ஆள் காணாமல் போய்விடுவாள்.

ஊசி விஷயமும் சேர்ந்துகொண்டது. குட்டி உலகத்தைப் பழகிக்கொள்கிற பருவம் பிறந்து 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான். அந்த நாட்களில் நல்லபடியாகப் பார்த்த மனிதர், சத்தம், இடம் எல்லாம் பிற்பாடு பயமாகத் தெரியாது. தடுப்பூசி அட்டவணையும் சரியாக அங்கேதான் வந்து உட்காருகிறது: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்து, மூன்று மாதம் ஆனால் ரேபிஸ் ஊசி. ஊசி கட்டாயம் போட்டே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் குட்டிக்கு ஆஸ்பத்திரி என்றால் ஊசி மட்டும்தான் என்று பதிந்துவிடுகிறது. யாரும் அதை சும்மா கூட்டிக்கொண்டு போவதில்லையே.

சரி, மேட்டுக்கு வருகிறேன். இதில் வரிசைதான் எல்லாம். செரிமான ஆராய்ச்சிக்காக 1904ல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களை வைத்துக் காட்டியது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். முதலில் சத்தம், அடுத்து சாப்பாடு, கொஞ்ச நாளில் சத்தத்துக்கே எச்சில் ஊறும். சீப்பு முதலில் தெரிய வேண்டும், மேட் அதற்குப் பிறகு வர வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மேட்டை வைத்து, அவள் நக்க ஆரம்பித்து, மெய்மறந்த நேரம் பார்த்து நகவெட்டியை எடுக்கிறோம். நாய் முட்டாள் இல்லை. மேட் வந்தால் பின்னாடியே நகவெட்டி வரும் என்று கணக்குப் போட்டுவிடும், அதோடு மேட் காலி.

நான் செய்தது இது. சீப்பை மடியில் வைப்பேன், மல்லி அதைப் பார்ப்பாள், பார்த்த உடனே மேட்டைத் தரையில் இறக்குவேன். சீப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்ததும் மேட்டையும் எடுத்துவிடுவேன். தொடுவதே கிடையாது, சில நாள் இவ்வளவுதான். பிறகு சீப்பின் முதுகுப் பக்கத்தை அவள் தோளில் ஒருதரம் வைத்து எடுப்பது, அடுத்து பல் பக்கத்தால் ஒரே ஒரு இழுப்பு. தோள், முதுகு இதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. காதுக்குப் பின்னால் சிக்கு விழும் இடம், தொடை இடுக்கு, வாலடி மூன்றையும் கடைசிக்கு வைத்தேன், அங்கேதான் நாய்க்குக் கூச்சமும் வலியும். இப்போது சீப்பை எடுத்தால் அவளே வந்து முன்னால் உட்காருகிறாள், வால் ஆடுகிறது.

இந்த மேட்டில் எனக்குப் பிடித்த விஷயம் சாப்பாடு இல்லை, நாக்கு. நிதானமாக ஒரே சீராக நக்கினால் அவள் சரியாக இருக்கிறாள். திடீரென்று அவசர அவசரமாக நக்கினால் எதையோ சகித்துக்கொண்டிருக்கிறாள். நக்குவதை நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டி வெள்ளை தெரியப் பார்த்தால் முடிந்தது, கையை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அத்தோடு சரி. இன்னும் ஒரு நகம்தானே என்று பிடித்து இழுத்தால் முந்தின நாட்களின் வேலை மொத்தமும் போச்சு. பிரிட்டனில் சிராக் படேல் என்கிற பயிற்சியாளரின் பக்கெட் விளையாட்டு இதே யோசனைதான்: தீனி வைத்த பக்கெட்டை நாய் பார்த்துக்கொண்டிருக்கும் வரை தொடலாம், பார்வையை எடுத்தால் நிறுத்த வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நாய்க்கு ஒரு வழி கிடைத்துவிட்டால் கடிக்க வேண்டிய அவசியம் வருவதில்லை.

எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) இதைப் பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. காங்கேயம் கன்றுக்குட்டியை நாலு காலும் தொட்டுத் தொட்டுப் பழக்கி, கழுத்துக்கடியில் தொங்குகிற அலைதாடியைத் தடவிக்கொண்டே மற்ற வேலையைப் பார்த்து வளர்த்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நக்கறதை நிறுத்திப்போட்டா பாரு கண்ணு, உட்டுரு" என்றார். நான் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் புரிந்துகொண்டதை அவர் திண்ணையிலிருந்தே பிடித்துவிட்டார்.

நகம் பற்றி ஒன்று. மல்லிக்கு வெள்ளை நகம், உள்ளே ரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்பே வெட்ட வேண்டும். கறுப்பு நகமென்றால் துளித்துளியாகத்தான் வெட்ட வேண்டும். தார் ரோட்டில் நடக்கிற நாய்க்கு மற்ற நகங்கள் தேய்ந்தாலும் காலுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பெருவிரல் நகம் தரையில் படாது, தேயாது, சதைக்குள் வளைந்து குத்தும். அதை மறக்காதீர்கள். ரத்தம் வந்துவிட்டால் கார்ன்ஃப்ளாரை அழுத்திப் பிடித்தால் பொதுவாக நிற்கும். மேட் வைத்து ஒரே உட்காரலில் எல்லா நகத்தையும் வெட்ட முடியாது, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு கால், அதுவும் அவள் விட்டால்.

டாக்டரிடம் கொண்டு போகும்போதுதான் மேட்டின் குறை தெரிந்தது. எங்கள் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் காலையில் போனால் மாடும் கன்றும் ஆட்டுக்குட்டியும் வரிசையில் நிற்கும். நாய்களைப் பரிசோதிக்கிற இடம் சொரசொரப்பான சிமெண்ட் மேடை. அதில் ரப்பர் குமிழ் ஒட்டவே ஒட்டாது, வீட்டில் காரைச் சுவரிலும் அப்படித்தான். டைல்ஸ், கண்ணாடி, தனியார் கிளினிக்கின் ஸ்டீல் மேசை இவற்றில் கச்சிதமாகப் பிடிக்கிறது. ஸ்டீல் மேசையில் வேறு சிக்கல்: வழுக்கும், ஜில்லென்று இருக்கும். நாய்க்கு வேர்ப்பது பாதத்தில்தான், பயந்த நாயை மேசையிலிருந்து தூக்கினால் ஈரமான பாதச் சுவடு அச்சு அச்சாக இருக்கும். அதனால் மேட்டோடு ஒரு பழைய யோகா விரிப்பை வெட்டி எடுத்துப் போகிறேன், கால் பிடிமானமாக நின்றாலே பாதிப் பதற்றம் குறைகிறது.

அரசு மருந்தக டாக்டரிடம் கூட்டம் இல்லாத நேரம் கேட்டுக்கொண்டு, ஊசி எதுவும் இல்லாமலே சில தடவை போனோம். வாசலில் உட்கார்ந்து மேட்டில் நக்குவது, எடை மெஷினில் ஏறி இறங்குவது, கம்பவுண்டர் அண்ணன் கையிலிருந்து ஒரு துண்டு முட்டை, வீட்டுக்கு வருவது. உண்மையில் ஊசி போடும் நாளில் டாக்டரே, "மேடைக்குத் தூக்காதீங்க, கீழயே வெச்சுக்குங்க" என்று குனிந்து, கழுத்துத் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டார். மல்லி நக்குவதை ஒரு கணம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள், பிறகு மறுபடி நக்க ஆரம்பித்தாள். இப்படி ஒரு டாக்டர் அமைவது பெரிய விஷயம். மேட்டுக்குக் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி அவருக்குப் போக வேண்டும்.

என்ன தடவலாம்? உப்புப் போடாத கெட்டித் தயிர், மசித்த பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முட்டை. நம் ஊரில் நிலக்கடலைக்குப் பஞ்சமில்லை, வறுத்துத் தோல் நீக்கி மிக்ஸியில் உப்பு, வெல்லம் இல்லாமல் அரைத்தால் போதும், டப்பாவில் விற்கும் பீனட் பட்டர் தேவையில்லை. வாங்குவதாக இருந்தால் சைலிட்டால் சேர்த்ததா என்று லேபிளைப் பாருங்கள், சுகர் ஃப்ரீ சாமான்களில் வரும் அது நாய்க்குக் கொடிய விஷம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் கூடவே கூடாது, சின்ன வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் அதில் சேர்த்தி. தடவிய மேட்டை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அதிக நேரம் தாங்கும், சித்திரை வெயிலில் அதுதான் வசதி.

குறைகள்: கழுவுவது தொல்லை. பள்ளத்தில் காய்ந்த தயிர் ஒட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷம் அசந்தால் எறும்பு மொய்த்துவிடும். பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்தால்தான் போகிறது. இளம் நாய்க்கு எதையும் கடிக்கிற வயசு, நக்கி முடித்ததும் மேட்டையே கடிக்கும், அடியில் இருக்கும் குமிழைப் பிய்த்து விழுங்கினால் குடலை அடைக்கும். தனியாக விட்டுவிட்டு நகராதீர்கள், முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு ஆழமான பள்ளம் எட்டாது, மேலோட்டமாக வரிவரியாக இருப்பதைப் பாருங்கள்.

சாப்பாட்டுப் பக்கம் யார் வந்தாலும் உறுமுகிற நாய்க்கு இது வேண்டாம். ஏற்கெனவே கடித்துப் பழகியிருந்தால் காற்றுப் போகிற கூடை வாய்க்கூட்டைப் பழக்கிக்கொண்டு டாக்டரின் யோசனையோடு ஆரம்பியுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எதையும் வாயில் வைக்காத அளவு பயந்தால் மேட்டால் ஒன்றும் ஆகாது. கிளம்பும் முன்பே கொடுக்கும்படி பதற்றத்தைக் குறைக்கிற மாத்திரை டாக்டர் எழுதித் தருவார், அதைக் கேட்கத் தயங்காதீர்கள். நம் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமால்கூட நாய்க்கு ஆபத்து.

ப்ளோயருக்கு மல்லி இன்னும் சம்மதிக்கவில்லை. பக்கத்து அறையில் ஓடவிட்டு இங்கே மேட்டில் நக்குகிற கட்டத்தில் இருக்கிறோம், கதவை ஒரு விரல் அகலம் திறந்தால்கூட நாக்கு நின்றுவிடுகிறது. அதுவரைக்கும் குளித்ததும் துண்டும் வெயிலும்தான். வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்குங்கள், ஒன்று ஃப்ரீசரில் இருக்கும்போது இன்னொன்று கையில் வேண்டும். அடியில் குமிழ் தனித்தனியாக ஒட்டவைத்ததா, ஒரே வார்ப்பா என்று திருப்பிப் பாருங்கள். ஒரே வார்ப்பாக இருப்பதுதான் பல்லுக்குத் தாங்குகிறது.