கூண்டு வண்டி வாங்கலாமா? 2,000 மைலுக்கு அப்புறம் என் அனுபவம்

மிசௌரியிலிருந்து தோழி கேட்டு எழுதியிருக்கிறாள்: வருகிற வசந்தத்தில் அவர்களும் அமெரிக்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஓரிகனுக்குக் கிளம்புகிறார்களாம், எங்களுடையது மாதிரியே வண்டி வாங்கலாமா என்று. பத்தடி நீளம், நாலடி அகலம், மேலே கேன்வாஸ் கூண்டு, இதெல்லாம் அவளுக்கே தெரியும். நான் நேரே சக்கரத்துக்கு வருகிறேன்.

1852 மே மாதம் மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் மாடு பூட்டியபோது சக்கரம் கல் மாதிரி இருந்தது. நன்றாகக் காய்ந்த மரம் என்று தச்சர் அடித்துச் சொன்னார். பிளாட் ஆற்றோரமாக மேற்கே போகப் போகக் காற்று வறண்டது, மரம் சுருங்கியது, சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டா ஆட ஆரம்பித்தது. டக், டக், டக். நாள் முழுக்க இதே சத்தம். பொழுது சாய்ந்ததும் நானும் அண்ணனும் சக்கரத்தைக் கழற்றி, ஆற்றுக்கு உருட்டிக்கொண்டு போய் ஊறப் போடுவோம். காலையில் பட்டா கெட்டியாக இருக்கும். மத்தியானத்துக்குள் மறுபடியும் டக், டக். பட்டாவுக்கும் வட்டைக்கும், அதாவது சக்கரத்தின் மர விளிம்புக்கும், நடுவே ஆப்பு அடித்தோம். ஒவ்வொன்றாக வழியில் உதிர்ந்தது. கடைசியில் வழியில் இருந்த லாரமி கோட்டையில் பட்டாவை வெட்டிச் சின்னதாக்கி, பழுக்கக் காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்கினோம். ஸ்நேக் ஆறு வரை தாங்கியது. அங்கே மறுபடியும் ஊறப் போடும் வேலைதான்.

இது வில் வண்டியும் இல்லை. உள்ளே உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் ஏறக்குறைய முழு வழியும் நடந்தேன். ஆனால் அந்தக் குலுக்கலுக்கு ஒரு புண்ணியம் உண்டு. காலையில் கறந்த பாலை மூடி போட்ட வாளியில் ஊற்றிக் கூண்டு வளையத்தில் தொங்கவிட்டால், ராத்திரி தங்கும் இடத்தில் வெண்ணெய் திரண்டிருக்கும். கடையவே வேண்டாம். காட்டெருமை வறட்டியில் சுட்ட ரொட்டியில் அந்த வெண்ணெயைத் தடவித் தின்னும்போது மட்டும் தச்சரைத் திட்ட மனசு வராது.

கேன்வாஸுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியிருந்தோம். ஒரு மாதம் மழை தாங்கியது. அப்புறம் தையல் வழியாக ஒழுகியது, சரியாக மாவு மூட்டை மேலேயே.

ஓரிகனுக்குள் மலையைக் கடக்கும் பார்லோ சாலையில் 5 டாலர் சுங்கம் கட்டினோம். லாரல் குன்றின் இறக்கத்தில் சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டி, வண்டியில் கட்டிய கயிற்றை மரத்தில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினோம். அன்றைக்குப் பார்த்து அந்தப் பாழாய்ப்போன சக்கரத்தின் பட்டா துளி ஆடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வண்டிக்கு இப்போது பின்பலகை இல்லை, அதை வண்டியின் குறையில் சேர்க்காதே. லாரமிக்கு முன்னால் சித்திக்குக் காலரா கண்டது. காலையில் மாவு பிசைந்தவள், இருட்டுவதற்குள் போய்விட்டாள். சுற்றிலும் புல்தான், பெட்டி செய்ய ஒரு மரம் கிடையாது. பின்பலகையைத்தான் கழற்றினோம்.

சரி, வாங்கலாமா என்றால், வாங்காதே. அந்தத் தச்சரிடம் வாங்கவே வாங்காதே.

நேற்று ஒருவர் எங்கள் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். சக்கரம் ஆடுகிறது, பின்பலகை வேறு இல்லை என்று விலையைக் குறைத்துக்கொண்டே போனார். அப்பா சரி சொல்லப் போனார். நான் விடவில்லை. இப்போது அதில் கோழி அடைகிறது.