எஃப்.எஸ்.ஆர். 402: தொட்டது தெரியும், எடை தெரியாது

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் கிரிப்பரோ (பொருளைப் பிடிக்கும் இயந்திரக் கை) பேக்கிங் மெஷினோ செய்பவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் "ஃபோர்ஸ் சென்சார் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் எடுத்துப் போடும் வாலுள்ள வட்டத்தகடு இந்த எஃப்.எஸ்.ஆர். 402தான், அழுத்த அழுத்த மின்தடை குறையும் சென்சார். இண்டர்லிங்க்கின் தயாரிப்பு, நகலும் உண்டு. உணரும் வட்டம் 12.7 மி.மீ., தடிமன் அரை மி.மீ.கூட இல்லை. இந்த ஒல்லிக்காகவே வாங்கலாம்.

கடையிலேயே மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். அழுத்தாதபோது ஓ.எல். (மீட்டரின் அளவுக்கு மேல்) காட்ட வேண்டும். கிலோ ஓமில் எண் நின்றால் தகடு எங்கோ மடங்கியிருக்கிறது, வேண்டாம்.

இணையத்தில் எல்லோரும் வரையும் சர்க்யூட்டில் சென்சாரோடு தொடராக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதன் மேல் விழும் வோல்ட்டேஜைத்தான் அளப்போம். அதில்தான் வம்பு. 100 கிராம் அழுத்தத்தில் சென்சார் சுமார் 6 கிலோ ஓம், ஒரு கிலோவில் சுமார் 1 கிலோ ஓம். 5 வோல்ட் கொடுத்தால் அளக்கும் வோல்ட்டேஜ் 3.1இலிருந்து 4.5 வோல்ட், மொத்தம் 1.4 வோல்ட்தான் ஆடும். அதே இடத்தில் 2.2 கிலோ ஓம் போட்டால் 1.3இலிருந்து 3.4 வரை கிடைக்கும். ஒரு ரெசிஸ்டர்தான் வித்தியாசம். மெல்லிய தொடுகையைப் பிடிப்பதுதான் வேலை என்றால் 10 கிலோ ஓமே இருக்கட்டும்.

பொருத்துவதில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். வால் பிளாஸ்டிக், சால்டரிங் அயர்ன் பட்டால் உருகிவிடும், நெருக்கிப் பிடிக்கும் கிரிம்ப் கனெக்டர்தான் சரி. ஃபெவிக்விக் வகைப் பசை தகட்டை அரிக்கும், டபுள் சைடு டேப் போதும். வால் பக்கம் காற்றுப் போக ஒரு வழி இருக்கிறது. அதை அடைத்தால் ரீடிங் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல வராது. மேலே வட்டத்தைவிடச் சின்னதாக ஒரு ரப்பர் வில்லை ஒட்டுங்கள், விசை விளிம்பில் ஏறாது.

தராசுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். அழுத்தும்போது ஒரு ரீடிங், விடும்போது வேறொன்று. வித்தியாசம் 10 சதவீதம் வரை போகும். எடையை அப்படியே வைத்துவிட்டால் ரீடிங் தானாக நகரும். ஒரு தகட்டுக்குச் செய்த காலிபரேஷன் அடுத்ததற்கு ஒத்துவராது. எடைதான் வேண்டும் என்றால் லோடு செல்லும் (எடையை அளக்கும் உலோகச் சென்சார்) அதன் சிக்னலைப் பெருக்கிப் படிக்கும் எச்.எக்ஸ். 711 போர்டும் வாங்குங்கள். அவை அதே கவுண்டரில் கிடைக்கும்.